வடிகட்டிய பானகம்

இந்த பெஞ்சில் மூட்டைப்பூச்சி இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் எழுந்து எழுந்து உட்காருவதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள். வெளியே தூக்கி வெயிலில் போடச் சொல்லுங்கள். செஞ்சி வெயிலுக்கு அதுகளே இறங்கிப் போய்விடும். எங்கள் ஜீவதயை இல்லத்துக் கட்டில் பலகைகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொரு விஷயம். அரிசி அறையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. காலையில் நீங்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோது அப்படியே கிளம்பி வந்துவிட்டேன். பெண்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் தாங்குவார்கள், பிள்ளைகள் தாங்காது. யாரிடமாவது கொடுத்து அனுப்ப முடியுமா? எழுதி முடித்த பிறகுதான் என்கிறீர்கள். சரி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்தால் நானும் சாப்பிட மாட்டேன், எங்கள் வழக்கம் அது. ஆனால் என்னைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை, என்றைக்கும் யோசித்ததில்லை.

என் பெயர் சாந்திநாதன். கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறேன். நீங்கள் தெற்கத்திக்காரர், அதனால் சொல்கிறேன்: மல்லாட்டை என்றால் உங்கள் ஊர் நிலக்கடலைதான். நாங்கள் இந்த மண்ணிலேயே பல தலைமுறையாக இருக்கிற சமணர்கள். எங்களை இந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள். சாந்திநாதன் என்று என் பெண்டாட்டிகூடச் சொல்லமாட்டாள், ஊருக்கெல்லாம் நான் நயினார். பொழுதிருக்கச் சாப்பிடுவோம். கிழங்கு தொடமாட்டோம், தோண்டினால் மண்ணுக்குள் இருக்கிற உயிர் சாகும். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருக்கின்றன. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. துணியைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன். துணிக்கு வருகிறேன்.

ஜீவதயை இல்லத்தை நான் பெயர் வாங்கத் தொடங்கவில்லை. மழை பொய்த்து, ஏரிக்குள் மாடு மேய்ந்த வருஷம் அது. ரேஷன் கடையில் காலையிலிருந்து வரிசை நின்றுவிட்டு வெறும் பையோடு திரும்புவார்கள். வல்லம் பக்கத்திலிருந்தும் அனந்தபுரம் பக்கத்திலிருந்தும் பெண்கள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, என் மண்டி வாசலில் மூட்டையிலிருந்து சிந்தின மல்லாட்டையை மண்ணோடு வாரி மடியில் கட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இலை முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. திருவண்ணாமலை ரோட்டில் என் பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்து, பெரிய அடுப்பு போட்டேன். கணவனை இழந்தவர்களுக்கும் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கும் தங்க இடம், இரண்டு வேளைச் சோறு, வெள்ளைப் புடவை. வாசலில் பலகை எழுதி மாட்டினேன். இந்தத் தாலுகாவில் வேறு யார் செய்தார்கள்? கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் செய்தேன் என்று ஊரில் சொல்வார்கள், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். அது காரணமே இல்லை.

இல்லத்துப் பிள்ளைகள் என்னை நைனா என்று கூப்பிடும். இந்தப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. என் மனைவி ராஜமதிக்கு இதில் ஒரு கேலி உண்டு. "அதுங்க உங்கள நயினார்னுதான் கூப்புடுதுங்க. நாக்கு சரியா திரும்பாம நைனான்னு வருது. நீங்களா ஒண்ணு நெனச்சிக்கினு பூரிச்சிப் போறீங்க," என்பாள். அவள் எதையும் இப்படித்தான் உடைத்துப் பேசுவாள். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளைகள் கூப்பிடுவதில் உள்ள வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணு முதல் தடவை வந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. வல்லம் பக்கத்துக் கூலிக்காரி, காலில் செருப்பில்லை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தலை மட்டும் பெரிதாக.

"வூட்டுக்காரரு எங்க?" என்று கேட்டேன்.

"கொடகு பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனாருங்க நயினாரே. புள்ள தவந்துகினு இருந்தப்ப போனவருதான். ஒரு சேதியும் இல்ல."

"உசுரோட இருக்காரா?"

"தெரியிலிங்களே."

"தெரியிலன்னா எப்படிம்மா? இது புருஷன் இல்லாதவங்களுக்குன்னு பலகையில எழுதியிருக்குது பாரு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பலகையை நிமிர்ந்து பார்த்து, சாமி படத்துக்குக் கும்பிடுவதுபோல ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் தடவை வந்தபோது குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. ராஜமதி கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டு அதன் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே என் பக்கம் திரும்பி, "ஒரு வாய் சோத்துக்கு ஒருத்திகிட்ட தாலியக் கேக்கறதா? எடுத்துப் போடுங்க, யாரு கேக்கப் போறா?" என்றாள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பலகை எழுதினவனும் நான், அரிசி கொடுப்பவனும் நான். ஆனால் ஒருத்திக்கு விதியை விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது? புருஷன் வீட்டில் படுத்துக்கிடக்கிறவர்கள்கூட நாளைக்கு வந்து நிற்பார்கள். இல்லம் இல்லமாக இருக்காது, சத்திரமாகிவிடும். ஒரு நல்ல காரியம் நிற்க வேண்டுமானால் அதற்கு ஒரு கட்டு வேண்டும். நீங்களும் சட்டத்தைக் காப்பாற்றுகிறவர், உங்களுக்குப் புரியும்.

அந்த வாரம் சந்தையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மலைத் தோட்டங்களில் விஷக்காய்ச்சல், நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்று. நிறையப் பேரில் இவளுடைய புருஷன் ஏன் இருந்திருக்கக் கூடாது? நான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சேதி வந்துச்சும்மா. தோட்டத்துல காச்சலாம். போயிட்டாராம்," என்றேன். அவள் கத்தவில்லை. "நெசமாவா நயினாரே?" என்று மட்டும் கேட்டாள். "நான் எதுக்கும்மா பொய் சொல்லப் போறன்?" என்றேன். அது உண்மைதான், எனக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

வல்லத்து ஏரிக்கரையில் காரியம் நடந்தது. உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஒரு ஆள் செய்து கொளுத்தினார்கள். செலவெல்லாம் என்னுடையது. அவளுடைய ஊர்ப் பெண்களே சுற்றி நின்று வளையலை உடைத்தார்கள், கயிற்றை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள். நான் கரையில் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அப்போது அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்குள் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மறைக்கமாட்டேன். ஆனால் அன்று மாலையே அவள் பெயருக்கு அரிசி அளந்து போட்டேன். அந்தக் குழந்தை சோற்றை இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கமாட்டீர்கள்.

இப்படி அவளுக்கு மட்டும் செய்யவில்லை. விட்டுவிட்டுப் போன புருஷனும் செத்துப்போன புருஷனும் அடுப்புக்கு ஒன்றுதான். கழுத்தில் கிடக்கிற கயிறு மட்டும் ஒருத்தியைப் பட்டினி போடும். அதை எடுத்துவிட்டால் சோறு. கமலாம்பாள் என்று ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடுகிறவள். அவளுடைய புருஷன் திண்டிவனத்தில் வேறொருத்தியோடு இருந்தான். செத்துவிட்டான் என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து அவன் புத்தி வந்து, அவளைத் தேடிக்கொண்டு மண்டிக்கு வந்தான். அவள் செத்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னேன். ரொம்ப அழுதான். மறுநாள் ரோட்டோரப் புளியமரத்தில் தொங்கினான். யாரென்று ஊருக்குத் தெரியவில்லை, பஞ்சாயத்தில் எடுத்துப் புதைத்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு கமலாம்பாள் விஷயத்தில் ஒரு பிசகும் இல்லை, அவளுக்குக் கொடுத்ததெல்லாம் முறையாகவே ஆகிவிட்டது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

அம்மாக்கண்ணுவின் குழந்தைக்குப் பெயர் பவுனம்மாள். பவுனு என்போம். எங்கள் இல்லத்துச் சோற்றில்தான் அது நிமிர்ந்தது. பல் விழுந்து முளைத்ததும் அங்கேதான், ஞாயிறு, திங்கள் என்று வாரப்பாட்டு சொல்லக் கற்றதும் அங்கேதான். மற்ற பிள்ளைகளுக்கு நான் வந்தால் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பவுனு அப்படியில்லை. என் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே, "நைனா வந்துட்டாரு" என்று ஓடிவரும். ஓடிவந்து என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். முழுக் கையையும் பிடிக்காது, சுட்டுவிரல் மட்டும்தான். மண்டியில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த விரல் பரபரக்க ஆரம்பித்துவிடும். கணக்குப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். போகிற வழியில் பொரி உருண்டை வாங்கிக்கொள்வேன். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வாங்குவேன். அதற்கு முதலில் கொடுப்பேன்.

அப்புறம் அந்த ஆள் வந்தான்.

நல்ல வெயில் நேரம். மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலை பஸ்ஸில் வந்து இறங்கின ஒருவன் தகரப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான். கறுத்து, வற்றி, ஒரு காது மடல் இல்லாமல் இருந்தான்.

"நான் வெநாயகங்க நயினாரே. அம்மாக்கண்ணு வூட்டுக்காரன். பஸ்ஸுல வந்த வல்லத்து ஆளு ஒருத்தரு, நான் யாருன்னு தெரியாமலே சொன்னாரு, எம் பொண்டாட்டி புள்ளைய நீங்கதான் சோறு போட்டுக் காப்பாத்தறீங்கன்னு. ஊருக்குள்ளகூடப் போவல, நேரா உங்க கால்ல வுழத்தான் வந்தன்."

அவனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ஏன் ஒரு சேதியும் அனுப்பவில்லை என்று கேட்டேன். மேஸ்திரி ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்பினானாம், மேஸ்திரி சொல்லவே இல்லையாம். அவனுக்கு எழுதத் தெரியாது. பெட்டியைத் திறந்து ஒரு பாவாடையை எடுத்துக் காட்டினான். பச்சை நிறம், சரிகைக் கரை. கைக்குழந்தைக்குத்தான் அது ஆகும். தவழ்ந்த குழந்தையைத்தான் அவன் மனதில் வைத்திருந்தான். "கொஞ்சம் பெருசாவே பாத்து வாங்கனன்," என்றான்.

எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

"ஒனக்குக் காரியம் பண்ணிட்டாங்கப்பா," என்று சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கருமாதியா? எனக்கா?" என்று தன் நெஞ்சைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். கருமாதி ஆனவன் திடீரென்று வீட்டுக்குள் கால் வைத்தால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று இந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் ஒரு பயம் உண்டு. அதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். "புள்ளைக்கு ஆவாது இல்லிங்களா நயினாரே? கழிப்பு எதனா கழிச்சிட்டுதான் போவணும், இல்லிங்களா?" நான் தலையாட்டினேன். நல்ல நாள் பார்த்து நானே கூட்டிப் போகிறேன், அதுவரை யார் கண்ணிலும் படாமல் இரு என்றேன். மேலத்தெருக் கோடியிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதையில் அவனைக் கூட்டிக்கொண்டு போய், ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிற களஞ்சியத்தில் விட்டேன். ராஜாக்கள் காலத்தில் நெல் கொட்டிவைத்த கட்டடம். இப்போது வௌவால்தான். குளிர்ச்சியாக இருக்கும்.

அவனை அனுப்பிவிடத்தான் முதலில் நினைத்தேன். உன் பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று சொல்லமுடியாது, பஸ்ஸிலேயே கேட்டுவிட்டு வந்திருக்கிறான். திரும்பத் தோட்டத்துக்கே போ, அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "போவ மாட்டன் நயினாரே. பட்டினியா இருந்தாலும் ஒண்ணா இருந்துக்கறம்," என்றான். பட்டினியை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான் பாருங்கள். அதைப் பார்த்தவன் நான். ஏரிக்கரையில் அந்தப் பெண் போட்ட சத்தத்தைக் கேட்டவனும் நான். அறுத்த தாலியை மறுபடி கட்டினால் அது என்ன தாலி? ஊர் அவளைக் கேட்கும், அவள் என்னைக் கேட்பாள். மற்றவர்களும் தங்கள் தங்கள் புருஷனைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள். அத்தனை பேருடைய மனநிம்மதியும் என் கையில் இருந்தது.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. தராசுத் தட்டில் கல்லை மாற்றி வைத்தேன். கடைவீதிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தேன், எதற்கென்று தெரியாமல். ராஜமதி, "என்ன, காலுல சக்கரம் கட்டிகினு சுத்தறீங்க?" என்று கேட்டாள். பகலில் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் நாள் பார்த்தாச்சா என்று கேட்பான். பார்க்கிறேன் என்பேன். இப்படியே எத்தனை நாள் போயிருக்குமோ. அதுவே ஒரு ஏற்பாடாக நிலைத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அவன் சொன்ன இடத்தில் இருக்கவில்லை. இல்லத்துப் பெண்கள் துணி துவைக்கப் பிள்ளைகளோடு கோட்டைக்குள் இருக்கிற செட்டிகுளத்துக்குப் போவார்கள். அவன் மரத்து மறைவில் நின்று பார்த்திருக்கிறான். பவுனு தனியாக அல்லி பறிக்கப் போனபோது கூப்பிட்டுப் பேசியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் நான் இல்லத்துக்குப் போனேன். செருப்புச் சத்தம் கேட்டும் அது ஓடிவரவில்லை. உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து அந்தப் பச்சைப் பாவாடையைத் தன் இடுப்பில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது ஏது பவுனு?"

"கொளத்தாண்ட ஒருத்தரு குடுத்தாரு. ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு." அப்புறம், என்னிடம் சொன்னால் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு, "அவருதான் எங்க நைனாவாம்," என்றது.

"நீ அவர இன்னான்னு கூப்புட்ட?"

"நைனான்னுதான்."

"அப்ப என்னிய இன்னான்னு கூப்புடுவ?"

அது என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தது. கேள்வியே புரியாததுபோல, "நீங்க நயினாரு," என்றது.

குழந்தைதானே. யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. பொரி உருண்டையைக் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்தேன். வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை. வேறு காரணம் இல்லை, நேரம் தப்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ராஜமதி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அடுக்களைக்குள் போய் மண்பானையை எடுத்து, துணி கட்டி, தண்ணீரை வடிகட்டினேன். வெல்லம் நசுக்கிப் போட்டேன். சுக்கு, ஏலக்காய் போட்டேன். வெயிலுக்குப் பானகம் குடிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று அவனே கேட்டிருந்தான். இன்னொன்றும் அரைத்துக் கலந்தேன். அது என்னவென்று உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். அந்தச் செடியின் பூவைத்தான் தினமும் பூஜைக்குப் பறிக்கிறோம், அதன் பெயரை இதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரை வடிகட்டின பிறகுதான் அதைக் கலந்தேன். போகிற வழியில் ஈ ஏதாவது விழுந்து சாகப்போகிறதே என்று அதே துணியைப் பானையின் வாயில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. காலையிலிருந்து இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்: கொல்லப் போகிறவனுக்கு எதற்கு வடிகட்டின தண்ணீர்? நான் திருப்பிக் கேட்கிறேன், வடிகட்டாத தண்ணீரை எப்படி ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பது? அவன் விஷயம் வேறு. தண்ணீரில் இருந்த உயிர்கள் யாருக்கு என்ன செய்தன?

களஞ்சியத்தில் அவன் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னிக்கு நாளு நல்லா இருக்குதுப்பா," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. பானையைக் கல்மேல் வைத்தேன். இன்னும் கொட்டிவிடலாம், கை தவறினதுபோலத் தட்டிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். அப்போது அவன் என்னிடம் குனிந்து, ரகசியம் சொல்கிறவன்போல, "தப்புப் பண்ணிட்டன் நயினாரே, மன்னிச்சிக்கோங்க. பொறுக்க முடியாம கொளத்தாண்ட போயி புள்ளயப் பாத்துட்டன். எப்படித்தான் அடையாளம் தெரிஞ்சிச்சோ, சொன்ன ஒடனே நைனான்னு கூப்புட்டுச்சு," என்றான்.

நான் பானையை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. துணியை அவிழ்த்ததும் அவன், தூக்கிக் குடித்ததும் அவன். கசக்குது என்றான். சுக்கு கூடிப்போச்சு என்றேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நான் கிளம்பிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வேளைக்குச் சாப்பிட்டேன்.

கோட்டைக் காவல்காரர் கோதண்டராமன் உடம்பைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தார். பானையையும் துணியையும் நீங்கள் எடுத்தீர்கள். வடிகட்டுகிற துணி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவில் வீடுவீடாகக் காட்டிக்கொண்டே வந்து என் வீட்டு வாசலில் நின்றீர்கள். ராஜமதி கையில் வாங்கிப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம், எல்லார் வீட்டிலும் இருப்பது வெள்ளைத் துணிதான். "எங்க வூட்டுதுதாங்க. ஓரம் நான் மடிச்சித் தச்சது," என்றாள். அப்புறம்தான் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டாள். நீங்கள் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் பொய் பேசுகிற வழக்கம் இல்லை.

இன்று காலை, அவன் யாரென்று நான் சொன்ன பிறகு, அம்மாக்கண்ணுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உடம்பைக் காட்டினீர்கள். அங்கிருந்து அவள் நேராக வந்து இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் ஏரிக்கரையில தாலி அறுத்தப்ப அவரு உசுரோட இருந்தாரா?"

"இப்ப இல்லியேம்மா," என்றேன்.

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அதில் தப்பில்லை. இத்தனை நாள் அவள் சாப்பிட்டதில் ஒரு சின்ன உறுத்தல் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. இப்போது அது இல்லை. இப்போது அவள் முறைப்படி விதவை, பவுனு முறைப்படி தகப்பனில்லாத பிள்ளை. பலகையில் எழுதியிருக்கிறபடி இரண்டு பேருக்கும் சோற்றுக்கு உரிமை இருக்கிறது. நான் இல்லாவிட்டாலும் அதை நிறுத்தக் கூடாது என்று இதிலேயே எழுதிவிடுங்கள். ராஜமதி நிறுத்தமாட்டாள். ஒருவேளை கழுத்தில் தாலி இருக்கிறவர்களுக்கும் அவள் போட ஆரம்பித்துவிடுவாள், அதுதான் எனக்குக் கவலை.

ஆமாம், விநாயகத்தைக் கொன்றது நான்தான். அதற்கு இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை, முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போட்டுவிடுகிறேன். இந்தாருங்கள் சாவி. இப்போதாவது கொடுத்து அனுப்புங்கள், உலை காய்ந்துபோயிருக்கும்.

வெளியே என்ன சத்தம்? வண்டி வந்துவிட்டதா. ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப்போகிறார்களா. பாயில் சுற்றியிருக்கிறார்கள், அவன்தான். அம்மாக்கண்ணு கூடவே நடக்கிறாள். பக்கத்தில் பவுனுவா? யார் அதை இங்கெல்லாம் கூட்டிவந்தது? கையில் அந்தப் பச்சைப் பாவாடையை வைத்திருக்கிறது பாருங்கள்.

கேட்டீர்களா? நைனா என்கிறது. மறுபடியும். நான் நின்றுகொள்கிறேன் ஐயா, உட்காரச் சொல்லாதீர்கள். உங்கள் கான்ஸ்டபிள் ஏன் அதை வண்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறார்? அதற்கு வழி தெரியவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள். ஒரு நிமிஷம் கதவைத் திறந்துவிடுங்கள் ஐயா, குழந்தை என்னைத்தான் கூப்பிடுகிறது.